வீட்டு அறையில் பிளாட்டினம்-பல்லேடியம் பிரிண்ட்: மூச்சுக்கு எந்தக் கட்டத்தில் ஆபத்து?

ஊதாக்கதிர்:

வணக்கம். தாளில் நாமே உப்புக் கரைசல் பூசி, நெகட்டிவை மேலே வைத்து யு.வி. ஒளியில் ஃபோட்டோ அச்சிடும் பழைய முறைகளில் சயனோடைப் (இரும்பு உப்பு), வான்டைக் பிரவுன் (வெள்ளி உப்பு) இரண்டும் கைக்குப் பழகிவிட்டன. அடுத்து பிளாட்டினம்-பல்லேடியம். எதையும் வாங்குவதற்கு முன்னால் பாதுகாப்பு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இடம்: 10க்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி. ஒரு ஜன்னல், ஸ்பிளிட் ஏசி, சீலிங் ஃபேன். கோட்டிங், உலர்த்தல், யு.வி. பெட்டி எல்லாம் இங்கேதான். டெவலப்பரும் கிளியரிங் தட்டுகளும் ஒட்டியிருக்கும் பாத்ரூமில். வீட்டில் ஆஸ்துமா உள்ள ஒருவர் இருக்கிறார்; இவ்வளவு யோசிப்பது அதனால்தான்.

திட்டம்: 8க்கு 10 அங்குலப் பிரிண்ட். உப்புகளைத் தூளாக வாங்கி நானே கரைத்துக்கொள்வது, விலை குறைகிறது. பாதி பிளாட்டினம், பாதி பல்லேடியம். கான்ட்ராஸ்டைக் கூட்டப் பொட்டாசியம் குளோரேட் அல்லது என்ஏ2 என்ற கரைசல். ஹேர் டிரையரில் உலர்த்தல். 45 டிகிரி சூட்டில் பொட்டாசியம் ஆக்சலேட் டெவலப்பர். கிளியரிங்குக்கு, அதாவது தாளில் மிஞ்சும் இரும்பு உப்பை நீக்க, இ.டி.டி.ஏ.வும் சோடியம் சல்ஃபைட்டும்.

என்-95 மாஸ்க்கும் நைட்ரைல் கிளவுஸும் போட்டால் போதுமா? பிளாட்டினத்தை விட்டுவிட்டுப் பல்லேடியம் மட்டும் என்றால் மூச்சுக் கவலை தீர்ந்துவிடுமா? கழிவை என்ன செய்வது?

கண்ணாடிக்கோல்:

மாஸ்க்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், அது கடைசிப் படி. முதலில் உப்பு காற்றில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிளாட்டினம் உலோகம் யாரையும் ஒன்றும் செய்யாது. கழுவி முடித்த பிரிண்டை வெறுங்கையால் தொடலாம். ஆபத்து, குளோரின் ஒட்டியிருக்கும் பிளாட்டினம் உப்புகளில். நாம் பயன்படுத்தும் பொட்டாசியம் குளோரோபிளாட்டினைட் அந்த வகைதான். உடம்பிலுள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்ளும். உடம்பு அந்தச் சேர்க்கையை எதிரியாக எண்ணி, ஒவ்வாமையைக் கிளப்பும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் பொருளை உருவாக்கிவிடும். அதன் பிறகு துளி பட்டாலும் தும்மல், கண்ணெரிச்சல், தோல் தடிப்பு, இழுப்பு. இது முதன்முதலில் பதிவானதே நம் தொழிலில்தான். 1911ல் சிகாகோ ஃபோட்டோ ஸ்டூடியோக்களில் பிளாட்டினம் தாள் கையாண்ட 40 பேரில் 8 பேருக்கு மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், தோல் எரிச்சல் இருந்தது. 1945ல் பிரிட்டனில் பிளாட்டினம் சுத்திகரிப்பு ஆலைகளில் பார்த்தபோது 91 பேரில் 52 பேருக்குத் தொல்லை. சிகாகோக்காரர்கள் கையாண்டது உலர்ந்த தாள் என்பதைக் கவனியுங்கள்.

அளவைப் பாருங்கள். அமெரிக்காவில் கரையும் பிளாட்டினம் உப்புக்குப் பணியிட வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக, ஒரு கனமீட்டர் காற்றில் 0.002 மி.கி. பிளாட்டினம். உங்கள் அறை ஏறக்குறைய 28 கனமீட்டர். 0.057 மி.கி. பிளாட்டினம், உப்பாகச் சொன்னால் 0.12 மி.கி., காற்றில் மிதந்தாலே அந்த அளவு வந்துவிடும். ஒரு 8க்கு 10 தாளுக்கு 24 சொட்டு உலோகக் கரைசல் போகிறது. 20 சொட்டு ஒரு மி.லி. என்றால் 1.2 மி.லி. அதில் பாதி 20% பிளாட்டினம் கரைசல் என்றால் 120 மி.கி. உப்பு. அதாவது ஒரே தாளில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு காற்றில் ஏறினால் போதும். அந்த வரம்புக்குக் கீழேயும் ஒவ்வாமை வந்ததாக ஆய்வுகள் உண்டு.

அதனால் தூள் வாங்கும் யோசனையை விட்டுவிடுங்கள். தராசில் கொட்டுவது, ஸ்பூனைத் தட்டுவது, டப்பா மூடியைத் திறப்பது என்று மூன்று இடத்திலும் தூசி பறக்கும். மிச்சமாகும் பணம் இந்த ஆபத்துக்கு ஈடாகாது. கரைசலாகவே வாங்குங்கள்.

கரைசலிலும் ஒரு இடம் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை: பாட்டில் கழுத்து. டிராப்பர் மூடியின் மரையில் வழிந்த சொட்டு காய்ந்து செம்பழுப்பாகப் பொருக்குக் கட்டும். அடுத்த முறை மூடியைத் திருகும்போது அது நொறுங்கி, உங்கள் முகத்துக்கு ஒரு அடி கீழே தூளாக விழும். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் ஈரமான டிஷ்யூவால் மரையைத் துடைத்து, டிஷ்யூவை ஜிப் பையில் போட்டு மூடுங்கள்.

மேஜையில் நியூஸ்பேப்பர் விரிக்காதீர்கள். சிந்தியதைக் குடித்துக் காய்ந்து, மடிக்கும்போது தூசியாகத் திருப்பித் தரும். தடித்த கண்ணாடிப் பலகை வையுங்கள், வேலை முடிந்ததும் ஈரத்துணி. துடைப்பம் அந்த அறைக்குள் வரவே கூடாது.

ஹேர் டிரையர்: கோட்டிங் ஈரமாக மினுமினுக்கும்போது ஊதவே வேண்டாம். மினுமினுப்பு போகும்வரை, ஐந்து முதல் பத்து நிமிடம், கிடையாகவே விடுங்கள். பிறகு தேவைப்பட்டால் தாளின் பின்பக்கம், சூடில்லாத காற்று, தள்ளி வைத்து. முன்பக்கம் சூடாக ஊதினால் உப்பு தாளுக்குள் இறங்காமல் மேலேயே காய்ந்து மாவு பூத்ததுபோல் நிற்கும். அந்த மாவுதான் மூச்சுக்குள் போவது. அதுவேதான் டெவலப்பரில் கரும்பொடியாகக் கழன்று போய் நிழல் பகுதியைச் சொரசொரப்பாக்குவது. ஆக, நல்ல பிரிண்டுக்கும் மூச்சுக்கும் வழி ஒன்றுதான். கரைசல் இறங்க மறுக்கும் தாள் என்றால் கரைசல் ஊறி இறங்க உதவும் ட்வீன் 20 (10%) ஒரு சொட்டுச் சேர்த்துப் பாருங்கள். ஆர்ச்சஸ் பிளாட்டீன், ஹானமூலே பிளாட்டினம் ராக் போன்ற தாள்கள் இதற்கென்றே வந்தவை. அவற்றில் ட்வீன் இல்லாமலேயே பெரும்பாலும் இறங்கிவிடும்.

நெகட்டிவுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் ஷீட் போடுங்கள். ஃபிரேமைத் திறக்கும்போது தாள் உராயாது, நெகட்டிவிலும் உப்பு ஒட்டாது. எக்ஸ்போஸ் செய்த தாளை ஊதவோ தட்டவோ கூடாது. நேராக டெவலப்பர் தட்டுக்கு.

காற்று: ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, இருக்கிற காற்றையே சுற்றவிடும். தாள் உலர்கிற நேரத்தில் அதுவும் சீலிங் ஃபேனும் நின்றிருக்க வேண்டும். ஜன்னலில் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் வைத்து, கதவடி இடுக்கு வழியாக வீட்டுக் காற்று அறைக்குள் வரும்படி விடுங்கள். ஓட்டம் எப்போதும் வீட்டிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து தெருவுக்கு. ஒரு அகர்பத்தியைக் கதவடியில் பிடித்தால் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும்.

இதெல்லாம் ஆன பிறகு மாஸ்க். என்-95 முகத்தில் இடைவெளியில்லாமல் உட்கார்ந்தால் பயன் உண்டு, தாடி இருந்தால் இல்லை. இன்னும் நுண்ணிய தூசியைப் பிடிக்கும் பி-100 ஃபில்டர் போட்ட அரைமுக ரெஸ்பிரேட்டர் இன்னும் நம்பகமானது. கிளவுஸ் கையோடு செல்போனைத் தொடாதீர்கள். ஏப்ரனை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.

இருட்டறைவாசி:

கண்ணாடிக்கோல் சொன்னதோடு, பல்லேடியம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பல்லேடியம் உப்பு மூச்சு விஷயத்தில் பிளாட்டினத்தைவிட மிகவும் சாது. தோல் ஒவ்வாமை உண்டு. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பல்லேடியமும் ஒத்துக்கொள்ளாமல் போவது சகஜம். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர் கிளவுஸ் இல்லாமல் தொடவே கூடாது.

ஆனால் "நான் பல்லேடியம் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டு கான்ட்ராஸ்டுக்கு என்ஏ2 சொட்டுகிறவர்கள் நிறைய. அந்த பாட்டிலில் இருப்பது சோடியம் குளோரோபிளாட்டினேட். ஒவ்வாமை உண்டாக்குவதில் முதல் வரிசையில் நிற்கும் உப்பு அது. 5% கரைசலில் ஒரு சொட்டுக்கு 2.5 மி.கி.; மேலே போட்ட கணக்கின்படி உங்கள் அறை வரம்புக்கு வேண்டியதைப்போல் சுமார் இருபது மடங்கு. என்ஏ2 பயன்படுத்தினால் முழுப் பிளாட்டினம் பிரிண்டுக்கான எல்லா ஒழுங்கும் அப்படியே பொருந்தும்.

மற்ற இரண்டு வழிகளும் சுகமில்லை. கான்ட்ராஸ்டுக்குச் சிலர் சேர்க்கும் டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம், வீட்டுக்குள் வரவே வேண்டாம். பொட்டாசியம் குளோரேட் பழைய குறிப்பில் 55 மி.லி. தண்ணீருக்கு 15 கிராம் ஃபெரிக் ஆக்சலேட் (உலோக உப்போடு கலந்து பூசும், ஒளிபட்டு மாறும் இரும்பு உப்பு), 1 கிராம் ஆக்சாலிக் அமிலம், 0.3 கிராம் குளோரேட் என்றுதான் வரும். கரைசலில் அது பெரிய விஷயமில்லை. கவலை, மிச்சமாக அலமாரியில் கிடக்கும் டப்பா. அடர் அமிலம் பட்டால் வெடிக்கக்கூடிய குளோரின் டை ஆக்சைடு வாயு. சர்க்கரை, கந்தகம், மரத்தூள் எது கலந்தாலும் தீ.

உங்களுக்கு என் பரிந்துரை இது: கான்ட்ராஸ்டை ரசாயனத்தில் தேடாதீர்கள், நெகட்டிவில் கட்டுங்கள். டிஜிட்டல் நெகட்டிவை, அதன் மிக அடர்ந்த இடத்துக்கும் மிகத் தெளிவான இடத்துக்கும் உள்ள யு.வி. அடர்த்தி வித்தியாசம் 2.0 சுற்றி வரும்படி கர்வ் (டோன் திருத்தம்) போட்டுத் தயாரித்தால், ஃபெரிக் ஆக்சலேட் 24 சொட்டு, சோடியம் பல்லேடியம் குளோரைடு 24 சொட்டு, வேறு எதுவும் வேண்டாம். படிப்படியாக அடர்த்தி கூடும் ஸ்டெப் டேப்லெட் என்ற பட்டையை இரண்டு மூன்று முறை பிரிண்ட் செய்தால் கர்வ் கிடைத்துவிடும். ஆஸ்துமா உள்ள வீட்டில் பிளாட்டினத்தையே தவிர்ப்பதுதான் சரியான முடிவு என்று நினைக்கிறேன். பல்லேடியம் தரும் மென்மையான பழுப்பு, பிளாட்டினத்துக்குக் கீழான ஒன்று அல்ல.

டெவலப்பர். பொட்டாசியம் ஆக்சலேட் மூச்சுக்கு அல்ல, சிறுநீரகத்துக்கு எதிரி. ஆக்சலேட் உடம்பில் போனால் ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகத்தில் படிகமாக இறங்கும். ஆக்சாலிக் அமிலம் 15 முதல் 30 கிராம் உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 5 கிராமிலும் மரணம் பதிவாகியிருக்கிறது. ஒரு லிட்டர் டெவலப்பரில் 250 கிராமுக்கு மேல் பொட்டாசியம் ஆக்சலேட் இருக்கும், பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். குடிநீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைப்பது மன்னிக்க முடியாத காரியம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி.

பல்லேடியத்துக்கு அம்மோனியம் சிட்ரேட் அருமையாக வேலை செய்யும். 20 முதல் 25%, அறைச் சூடு போதும், நச்சு மிகக் குறைவு. நிறம் ஆக்சலேட்டைவிடச் சற்றுக் குளிர்ந்து நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். கரைசல் லேசான அமிலமாக, பி.எச். 5 அல்லது 6ல் இருக்கட்டும். அம்மோனியா வாசனை அடித்தால் சிட்ரிக் அமிலம் கொஞ்சம் சேர்த்துச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் இரும்பு தாளிலேயே மஞ்சளாகத் தங்கிவிடும்.

எந்த டெவலப்பரானாலும் தாள் மேல் ஒரே வீச்சில் ஊற்ற வேண்டியிருக்கும், தெறிக்கும். மூடிய கண்ணாடி போட்டுக்கொண்டு, தட்டுக்கு அருகே தாழ்வாக வைத்து ஊற்றுங்கள். ஆக்சலேட்டே வேண்டும் என்றால் சுடுநீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்குங்கள், மைக்ரோவேவில் அல்ல. அந்த மைக்ரோவேவில் நாளைக்குப் பால் சூடாக்குவீர்கள்.

வடிதாள்:

பாத்ரூம் விஷயத்தை யாரும் தொடவில்லை. அங்கே பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் இருக்குமே. அம்மோனியம் சிட்ரேட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரமைன் வாயு. சிட்ரிக் அமிலத்தோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரின். இரண்டுமே ஆஸ்துமாக்காரருக்கு நேரடி ஆபத்து. வேலை நடக்கும் நாளில் அவற்றை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். முடித்த பிறகு தரையை வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள்.

சோடியம் சல்ஃபைட்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தாளில் ஒட்டிவரும் அமிலம் பட்டாலே சல்ஃபர் டை ஆக்சைடு கிளம்பும், இழுப்பைத் தூண்ட அது போதும். கிளியரிங்குக்கு முதல் தட்டு 2% சிட்ரிக் அமிலம், அடுத்து இரண்டு தட்டு 3 முதல் 5% டைசோடியம் இ.டி.டி.ஏ., ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், பிறகு ஓடும் தண்ணீர். டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ. காரத்தன்மை உடையது, அதை முதல் தட்டாக வைத்தால் இரும்பு ஹைட்ராக்சைடாகித் தாள் நாரிலேயே உட்கார்ந்துவிடும். பழைய முறையான ஹைட்ரோகுளோரிக் அமிலம் தேவையே இல்லை, தாளையும் அரிக்கும்.

கழிவு. டெவலப்பரைக் கொட்ட வேண்டாம். குறைந்த அளவுக்குப் புதிதாக ஊற்றி வருடக்கணக்கில் ஓட்டலாம், பழகப் பழக நன்றாகிறது என்றுகூடச் சொல்வார்கள். அடியில் சேரும் கறுப்பு வண்டலை ஈரமாகவே வடிதாளில் வடித்து, ஈரமாகவே மூடிய டப்பாவில் வையுங்கள். காயவிட்டால் பொடியாகும், காய்ந்த பிளாட்டினம் கரும்பொடி, ஆல்கஹால் ஆவி பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. கை கழுவும் சானிட்டைசரும் ஆல்கஹால்தான்.

பிரஷ் கழுவிய முதல் தண்ணீரைத் தனி ஜாடியில் சேருங்கள், உலோகம் அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் ஒரு துண்டு துத்தநாகமும் போட்டு விட்டால், நாள் போகப்போக நிறம் வெளுத்து உலோகம் கறுப்பாக அடியில் இறங்கும். ஹைட்ரஜன் குமிழி வரும். மூடியை இறுக்காதீர்கள், அருகில் நெருப்பு கூடாது. சேர்ந்த வண்டலை உலோகம் பிரித்தெடுப்பவர்களிடம் கொடுக்கலாம்.

ஆக்சலேட்டைத் தூக்கித்தான் போட வேண்டும் என்றால் கால்சியம் குளோரைடு கரைசல் ஊற்றுங்கள். 100 கிராம் பொட்டாசியம் ஆக்சலேட்டுக்கு 80 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் கணக்கு, 90 போட்டால் பாக்கி நிற்காது. வெள்ளையாக இறங்குவது கரையாத கால்சியம் ஆக்சலேட். வடித்து ரசாயனக் கழிவு எடுப்பவரிடம் சேர்க்க வேண்டும்.

வான்டைக் செய்கிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். வெள்ளி நைட்ரேட் கழிவையோ கோல்டு டோனர் (பிரிண்டின் நிறத்தை மாற்றும் தங்கக் கரைசல்) மிச்சத்தையோ அம்மோனியாவோடு சேர்த்து வைக்கவே கூடாது. அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசல் நின்றால் கறுப்பு வண்டல் விடும்; கோல்டு குளோரைடோடு அம்மோனியா சேர்ந்தால் மஞ்சள் வண்டல் விடும். இரண்டும் காய்ந்த பிறகு லேசாக உரசினாலே வெடிக்கும். வெள்ளி, தங்கம், பல்லேடியம் மூன்றுக்கும் மூன்று ஜாடி, பெயரெழுதி.

ஊதாக்கதிர்:

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன்: பல்லேடியம் மட்டும், கரைசலாக, என்ஏ2 இல்லாமல், அம்மோனியம் சிட்ரேட், சல்ஃபைட் கிடையாது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒவ்வாமை ஆரம்பிக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம், எனக்கு ஒருவர் கொடுத்த பழைய 20% பிளாட்டினம் பாட்டில் ஒன்று இருக்கிறது. அடியில் சிவப்புப் படிகம் உட்கார்ந்திருக்கிறது, மூடியும் இறுகிப்போயிருக்கிறது. என்ன செய்யலாம்?

மூச்சுமானி:

முதல் கேள்விக்கு. தொடர் தும்மல், மூக்கில் நீர், கண் சிவந்து அரிப்பு, மணிக்கட்டிலோ கழுத்திலோ தடிப்பு, நெஞ்சு இறுக்கம். ஜலதோஷத்திலிருந்து பிரித்துப் பார்க்க ஒரு வழி: வேலை செய்த நாளில் வருகிறதா, செய்யாத நாட்களில் மறைகிறதா என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். உடனே வர வேண்டும் என்றில்லை. மாலையில் வேலை செய்து நடுராத்திரியில் இருமல் வருவதும் இதுதான். முதல் நாளிலேயே வராது என்பதையும் நினைவில் வையுங்கள். வாரக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ ஒன்றுமில்லாமல் போய், பிறகு ஆரம்பிக்கும். புகைபிடிப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

வந்துவிட்டால் பிளாட்டினம் வேலை அன்றோடு நிற்க வேண்டும். அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்வதுதான் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். தும்மலை மாத்திரை மறைக்கும், ஒவ்வாமை உள்ளே வலுக்கும், நிரந்தர ஆஸ்துமாவில் போய் நிற்கும். டாக்டரிடம் "கெமிக்கல் அலர்ஜி" என்று பொதுவாகச் சொல்லாமல், குளோரோபிளாட்டினைட் அல்லது குளோரோபிளாட்டினேட் உப்பு என்று பாட்டில் லேபிளையே காட்டுங்கள். தொடங்குவதற்கு முன்பே ஒரு ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் திறனை அளக்கும் சோதனை) எடுத்து வைத்தால் பின்னால் ஒப்பிட உதவும். கரைசலைத் தோலில் ஒரு சொட்டு வைத்து நாமே சோதித்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது. தோல் சோதனை, அவசர மருந்து கைவசம் உள்ள ஆஸ்பத்திரியில் மட்டும் செய்ய வேண்டியது.

கண்ணாடிக்கோல்:

பாட்டிலைப் பற்றி. குளிர்ந்தால் 20% கரைசலில் படிகம் இறங்குவது இயல்பு, கெட்டுப்போகவில்லை. ஆனால் வீட்டில் ஆஸ்துமா இருக்கிறது, நீங்களும் பல்லேடியத்துக்கு மாறிவிட்டீர்கள். திறக்காமல் அப்படியே ஜிப் பையில் போட்டு, முறையான எக்ஸாஸ்ட் உள்ள ஸ்டூடியோ வைத்திருக்கும் பிரிண்டர் யாருக்காவது கொடுப்பதே நல்லது.

வாங்கிக்கொள்கிறவருக்கு: மூடியைக் காய்ந்தபடியே திருக வேண்டாம், பொருக்கு நொறுங்கும். கழுத்தைச் சுற்றி நனைந்த டிஷ்யூவைக் கட்டிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு மூடியபடியே 50 டிகிரி வெந்நீரில், தண்ணீர் கழுத்துக்குக் கீழே நிற்கும்படி, கால் மணி நேரம் வைத்து, குலுக்காமல் மெதுவாகச் சுழற்றினால் படிகம் கரையும். ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் டிராப்பர் முனையிலிருந்து பீய்ச்சும். திறந்ததும் அந்த ஈர டிஷ்யூவாலேயே மரையைத் துடைத்து, காய்வதற்குள் பையில் மூடிவிட வேண்டும்.